வெள்ளி ரூபாயின் நிறம்: விடுவதா, துடைப்பதா, எதில் வைப்பது?

என் மேஜையில் இரண்டு 1918 ரூபாய்கள் இருக்கின்றன. இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை. பின்பக்கம் கீழே சின்னப் புள்ளி இருப்பதால் இரண்டுமே பம்பாய் மின்ட்டில், அதாவது நாணயச் சாலையில், அடித்தவை. தாத்தாவின் தகர டப்பாவிலிருந்து ஒன்றாக வந்தவைதான். ஒன்றைத் தாத்தா பழைய பஞ்சாங்கத் தாளில் மடித்து வைத்து அப்படியே மறந்துவிட்டார். இன்னொன்று அத்தைக்குப் போனது. அத்தை அதை லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்த்து வந்தார்.

பஞ்சாங்கத் தாள் காசை விளக்கின் கீழ் சாய்த்தால் விளிம்பில் ஊதா கலந்த நீலம் தெரியும். அதற்கு உள்ளே நூல் அகலத்துக்குச் செம்பழுப்பு. நடுவில் தேன் நிறம். இந்த நிறங்களுக்கு அடியில், காசைத் திருப்பத் திருப்ப, வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரிச் சுற்றி ஓடும். அத்தையின் காசு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்படித்த சுவரின் வெள்ளை. எப்படித் திருப்பினாலும் வெளிச்சம் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராஜாவின் கன்னம் முழுக்க மெல்லிய கோடுகள். எல்லாமே வட்டமாக, விரல் சுற்றிய திசையில் ஓடுகின்றன. தாடியின் இழைகள் ஒட்டிப்போய்விட்டன.

ஒரு நாணயக் கண்காட்சிக்கு இரண்டையும் எடுத்துப் போயிருந்தேன். முதல் காசைப் பார்த்ததும் வியாபாரி, "கொடுக்கிறீங்களா சார்?" என்றார். இரண்டாவதைக் கையில் வாங்கி ஒரு தடவை சாய்த்தவர், "இது பாலிஷ் ஆயிடுச்சு சார், வெள்ளி விலைக்குத்தான் போகும்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. கறுத்துப்போச்சே, என்ன பண்ணுவது? இனிமேல் எதில் வைப்பது? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "ஒன்றும் பண்ணாதீர்கள்" என்பதுதான் பதில். இரண்டாவதற்கு நாலைந்து வழிகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் காசு ஏன் கறுக்கிறது என்பது தெரியாமல் டப்பா வாங்கப் போனால் பணம்தான் வீணாகும்.

வெள்ளி இரும்பு மாதிரித் துருப்பிடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அதைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. வெள்ளிக்கு ஆகாதது கந்தகம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் மிகச் சொற்பமாக இருந்தாலே போதும், காசின் மேல் வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலம் பிடிக்க ஆரம்பிக்கும். ஈரப்பதம் கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். மழை பெய்த ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காசிலும் அதேதான். படலம் மெல்லியதாக இருக்கும்போது வெளிர் மஞ்சள், கொஞ்சம் தடித்தால் பொன், அப்புறம் செம்பழுப்பு, மெஜந்தா, நீலம். இன்னும் தடித்தால் வெளிர் நீலம் வந்து, மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை என்று இன்னொரு சுற்று போகும். கடைசியில் எல்லாம் அணைந்து வெறும் கறுப்பு. சேகரிப்பவர்கள் இதைத்தான் டோனிங் என்கிறோம்.

சென்னை மாதிரி ஊரில் இது வேகமாக நடக்கக் காரணம் உண்டு. கடல் காற்றில் வருடத்தின் பாதி நாள் ஈரம். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களில் கந்தக வாயுவும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களிடம் ஏசி மெக்கானிக் சொல்லுவார், "இந்த ஏரியாவுல காயில் சீக்கிரம் ஓட்டையாகும்" என்று. செம்புக் குழாயை அரிக்கும் அதே காற்றுதான் பூஜை அறை வெள்ளி விளக்கையும், டப்பாவில் இருக்கும் ராணி தலை ரூபாயையும் கறுக்க வைக்கிறது. வீட்டுக்குள்ளேயும் கந்தகம் இருக்கிறது. ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, மலிவான அட்டை, வெல்வெட் பெட்டியின் பசை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்த காசில், பேண்டு பட்ட இடம் கறுப்புக் கோடாகவே நின்றுவிடும்.

டோனிங்குக்கு மதிப்பு கொடுக்கும் பழக்கம் அமெரிக்காவின் மார்கன் டாலர்களில் நன்றாகத் தெரியும். 1878-லிருந்து 1904 வரையிலும், பிறகு 1921-லும் அடித்த அந்த வெள்ளி டாலர்களை ஆயிரம் ஆயிரமாகக் கான்வாஸ் பைகளில் கட்டி அரசுக் கருவூலத்தில் அடுக்கி வைத்தார்கள். பைத்துணியை ஒட்டிக் கிடந்த காசுகளில் கந்தகம் ஏறி வானவில் நிறங்கள் வந்தன. பக்கத்துக் காசு மறைத்த இடம் மட்டும் பிறை வடிவத்தில் வெள்ளையாக நின்றது. சில காசுகளில் துணியின் நெசவே பதிந்திருக்கும். 1960-களின் தொடக்கத்தில் கருவூலம் அந்தப் பைகளைப் பிரித்துக் கொடுத்தபோது அவை வெளியே வந்தன. நல்ல வானவில் டாலருக்கு, அதே வருடத்து வெள்ளை டாலரைப் போலப் பல மடங்கு விலை கொடுக்க இன்றும் ஆள் இருக்கிறது.

இந்த டாலர் கதைக்கும் என் மேஜையில் உள்ள காசுக்கும் நேரடி உறவு இருக்கிறது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மேன் சட்டம் கொண்டுவந்து, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் சுமார் 26 கோடி டாலரின் வெள்ளி, பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவின் தேவைக்காகக் கப்பலேறியது. அதனால் 1918, 1919 ரூபாயைக் கையில் எடுக்கும்போது, அதில் ஏதோ ஒரு மார்கன் டாலரின் துளி கலந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. எனக்கு இந்த நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிலிர்ப்பைத் தரும்.

சரி, எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் கறுக்கும் விதமும் மாறும். 1835-லிருந்து 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். 1940-லிருந்து 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதியில் 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். செம்பு அதிகம் என்பதால் அதில் நீல, ஊதா நிறம் அழகாக வருவது அபூர்வம். மங்கிய பழுப்பு வரும், ஈரம் பட்டால் பச்சையும் பூக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ஐக் குறித்து வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம், 80 சதவீத வெள்ளி. நம் ஊர்க்காரர்கள் பலர் ஆசையாக வாங்கி வைத்திருக்கும் காசு அது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் புரூஃப் காசு என்பதால் அதில் சின்னப் புள்ளி விழுந்தாலும் பளிச்சென்று தெரியும்.

விடுவதா, துடைப்பதா

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வெள்ளிச் சாமானை விபூதியாலும் புளியாலும் துலக்கித்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். "கறுத்துக் கிடக்கேடா, ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்று அத்தை சொன்னது குத்துவிளக்குக்கு முழுக்கச் சரி. காசுக்கு அது பொருந்தாததற்குக் காரணம், அதன் அழகு எங்கே இருக்கிறது என்பதுதான். அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. வெளிச்சம் சக்கரமாகச் சுற்றுவது அந்த வரிகளால்தான். விபூதி, பல்பொடி, பற்பசை, பாத்திரப் பொடி எல்லாமே உராயும் பொருள்கள். கறுப்போடு அந்த வரிகளையும் சீவி எடுத்துவிடும். போனால் போனதுதான், திரும்பி வராது. புளியில் இருப்பது அமிலம். அதுவும் காசின் மேற்பரப்புக்கு ஆகாது.

யூடியூபில் எல்லோரும் காட்டுவது அலுமினியத் தாளும் சமையல் சோடாவும். சுடுதண்ணீரில் சோடாவைக் கரைத்து, அலுமினியத் தாள் மேல் காசை வைத்தால் சல்பைடிலிருந்து கந்தகம் பிரிந்து போகும். முட்டை நாற்றம் வரும், வெள்ளி மறுபடி வெள்ளியாகும். தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். கொலுசுக்கும் தட்டுக்கும் நான் இதையே சொல்வேன். ஆனால் படலமாகப் போன வெள்ளி திரும்பி வரும்போது பழைய வரிகளின் வடிவில் வருவதில்லை, பஞ்சு மாதிரிப் பரவி உட்காரும். நிறம் ஆழமாக ஏறியிருந்த காசு இதற்குப் பிறகு சாம்பல் வெள்ளையாக, உயிரில்லாமல் இருக்கும்.

அடுத்தது டிப். தயோயூரியாவும் அமிலமும் கலந்த திரவம் அது. காசை முக்கினால் சில நொடிகளில் கறுப்பு கரைந்து ஓடிவிடும். வியாபாரிகளில் ஒரு பகுதியினர் இதைச் செய்துதான் விற்கிறார்கள். ஒரே தடவை, நொடிக் கணக்கில், கைதேர்ந்தவர் செய்தால் காசு தப்பிக்கலாம். இரண்டாம், மூன்றாம் தடவை முக்கினால் மேற்பரப்பு மழுங்கிவிடும். சரியாகக் கழுவாமல் விட்டால் சில மாதங்களில் பழுப்புத் திட்டு கிளம்பும். அதோடு, டிப் போட்ட காசு நம் ஊர்க் காற்றில் சும்மா இருக்காது, மறுபடி கறுக்க ஆரம்பிக்கும். நூறு வருடம் மெல்ல ஏறிய நிறத்தைக் கொடுத்துவிட்டு, அவசரத்தில் ஏறும் அழுக்குப் பழுப்பை வாங்கிக்கொள்ளும் வியாபாரம் இது. நான் செய்ய மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் காசைத் தொடுவேன். டோனிங் அல்லாத ஒன்று மேலே ஒட்டியிருந்தால் அசிட்டோன். பிவிசி கவரிலிருந்து வந்த பச்சைப் பிசுக்கு, செலோ டேப்பின் பசை, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் அசிட்டோன் கரைத்துவிடும். வெள்ளியையோ சல்பைடு படலத்தையோ அது தொடாது. பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் சுத்த அசிட்டோன் கிடைக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைச் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு தடவை முக்கி எடுத்து, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், அதனால் அடுப்பும் பூஜை விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மண்ணுக்கடியிலிருந்து வந்த பழங்கால வெள்ளியின் கதை வேறு. கோயம்புத்தூர்ப் பக்கம் குவியலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய தினாரியஸ்களையும், முத்திரைக் காசுகளையும் வீட்டில் வைத்து எந்தத் திரவத்தாலும் சோதிக்கக் கூடாது. அது அருங்காட்சியக வேதியியல் நிபுணரின் வேலை.

நிறமுள்ள காசை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிறத்துக்கு விலை வந்ததும் நிறம் போடுபவர்களும் வந்துவிட்டார்கள். கந்தக மருந்தும் சூடும் இருந்தால் ஒரே மாலையில் வானவில் வரவழைக்கலாம். நான் முதலில் பார்ப்பது நிறங்களின் வரிசையை. மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்ற ஒழுங்கு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிப்படியாக ஏறி வருகிறதா? எழுத்துகளை ஒட்டி மெல்லிய இடம் நிறம் குறைந்து நிற்கிறதா? நிறத்துக்கு அடியில் வெளிச்சம் ஓடுகிறதா? இதெல்லாம் இருந்தால் நம்பலாம். மஞ்சள் வழியாக வராமல் திடீரென்று கண்ணைப் பறிக்கும் நீலம் இருந்தாலும், தேய்ந்த காசின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி நிறம் இருந்தாலும், கீறலுக்குள்ளேயும் நிறம் புகுந்திருந்தாலும் காசைக் கீழே வைத்துவிடுவேன். தேய்ந்து புழங்கிய காசில் இயல்பான நிறம் வேறு மாதிரி இருக்கும். பள்ளங்களில் கரும்சாம்பல், மேடுகளில் வெளிர் வெள்ளை. அந்த எளிய சாம்பலையும் நான் அழகென்றே சொல்வேன்.

எதில் வைப்பது

இங்கேதான் அதிகப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். சேகரிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு கடையில் தடித்த, மெத்தென்ற பிளாஸ்டிக் பக்கங்கள் உள்ள ஆல்பம் வாங்கினேன். விக்டோரியா காலத்து ரூபாய்கள் பன்னிரண்டை அதில் போட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மூன்று கோடை போயிருக்கும். ஆல்பத்தைத் திறந்தபோது பக்கங்கள் காசோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று வந்தன. ராணியின் கழுத்துக்குக் கீழே பாசி மாதிரிப் பச்சை. அசிட்டோன் பிசுக்கை எடுத்துவிட்டது. ஆனால் ஒரு 1862 ரூபாயில் பச்சைக்கு அடியில் வெள்ளி அரித்துப் பொரிப்பொரியாகிவிட்டிருந்தது. அது அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பிளாஸ்டிக் பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளாவட்டத்தில் கசியும். பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும். காசில் உள்ள செம்போடு அது சேர்ந்துதான் பச்சை பூக்கிறது. நம் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கடையில் கவரை மோந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை வந்தால் வாங்காதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் செம்புக் கம்பியைச் சூடாக்கி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் பிவிசியாக இருந்தால் சுடர் பச்சையாக எரியும். ஆக, மெத்தென்ற ஆல்பத்தை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. வீட்டில் இருந்தால் இன்றைக்கே காசுகளை வெளியே எடுங்கள்.

மீதமிருப்பவற்றில் மலிவானது அட்டை ஹோல்டர். சதுர அட்டை நடுவே மைலார் ஜன்னல், காசை வைத்து மடித்து நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடிப்பது. மைலார் என்பது பாலியெஸ்டர், அது காசை ஒன்றும் செய்யாது. தேய்ந்த ரூபாய்களுக்கும், ஐம்பது நூறு என்று சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அட்டையிலேயே வருடம், மின்ட், வாங்கிய தேதி எல்லாம் எழுதலாம், ஆனால் காசை உள்ளே வைப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். பசை போட்டு ஒட்டும் ரகமும் கிடைக்கிறது. நம் சூட்டுக்குப் பசை இளகி வழியும் என்பதால் நான் ஸ்டேப்ளர் ரகத்தையே எடுப்பேன். ஸ்டேப்ளர் முனைகளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்குவது முக்கியம். இல்லாவிட்டால் அந்த முனை பக்கத்து ஹோல்டரைக் கிழித்து அடுத்த காசைக் கீறும். திறக்கும்போதும் ஸ்டேப்ளரை முதலில் முழுக்கப் பிடுங்கிவிட்டுத்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும். அட்டையிலிருந்து கொஞ்சம் கந்தகம் வரத்தான் செய்யும். விளிம்பில் மெல்ல மஞ்சள் ஏறும். பஞ்சாங்கத் தாள் செய்ததும் அதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை.

பாலியெஸ்டர் கவர்கள் இன்னொரு வழி. மடமடவென்று சத்தம் போடும் கெட்டியான கவர் என்றால் பெரும்பாலும் நல்லது. ஆனால் அந்தக் கெட்டித்தனமே குறை. காசு உள்ளே அங்குமிங்கும் நகரும்போது மெல்லிய கீறல் விழும். அஞ்சலில் அனுப்ப, கண்காட்சிக்கு எடுத்துப் போகச் சரி. வருடக் கணக்கில் வைக்க நான் விரும்புவதில்லை.

அக்ரிலிக் கேப்சூல் விலை கூடியது, ஆனால் தேயாத, பளபளப்பு குறையாத காசுக்கு அதுதான் இடம். இரண்டு மூடிகளும் அழுந்திப் பூட்டிக்கொள்ளும். காசின் முகத்தை எதுவும் தொடாது, கீழே விழுந்தாலும் காசு தப்பும். அளவு சரியாக இருக்க வேண்டும். ரூபாயின் விட்டம் முப்பது மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். வெர்னியரில் அளந்து பார்த்து வாங்குங்கள். தளர்வாக இருக்கிறதென்று உள்ளே கறுப்பு நுரை வளையம் போட்டுத் தருவார்கள். என்ன பொருள் என்று தெரியாத நுரையை நான் காசின் விளிம்பில் சுற்றிப் போட மாட்டேன். தஞ்சை நாணயம் வைத்திருப்பவர்கள் அதை வெல்வெட் பெட்டியோடு பீரோவில் போட்டுவிடாமல், காசைத் தனி கேப்சூலிலும் பெட்டியைத் தனியாகவும் வையுங்கள். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், விற்கும்போது அதையும் கேட்பார்கள்.

கேப்சூல் காற்றுப் புகாதது என்று நினைத்துவிடக் கூடாது. மெல்ல மெல்லக் காற்று உள்ளே போகும். கிரேடிங் நிறுவனங்கள் அடைத்துத் தரும் ஸ்லாபும் அப்படித்தான். ஸ்லாபுக்குள்ளேயே நிறம் மாறிய காசுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்லாப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, அசல் என்று சொல்லி, தரம் குறித்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. தேய்த்த காசென்றால், நிறம் சந்தேகம் என்றால், எண் தரம் தராமல் அதையே எழுதிவிடுவார்கள். வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் வீட்டில் இருக்கும் காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்குக் குறையாத நாணயம் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் முழுவதும், ஐந்தாம் ஜார்ஜின் 1911 முதல் 1922 வரையிலான ரூபாய்களும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. முகவர் வாங்கிக்கொள்கிறார் என்பதற்காகக் கொடுத்துவிட வேண்டாம், காசு எந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். இங்கேயே தரம் பார்த்துத் தரும் ஏற்பாடு இருந்தால் ஒழிய, பழைய ரூபாய்க்கு ஸ்லாப் வழி அடைபட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். நூறு வயதாகாத, அபூர்வமான 1939 ரூபாய் மாதிரிக் காசுகளுக்குச் செலவு தகும். சாதாரண 1918-க்கு அந்தச் செலவு தகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் பணம் செலவழிக்கச் சொல்வது ஹோல்டருக்கு இல்லை, ஹோல்டரைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு. சிலிக்கான் வளையம் வைத்து நாலு பக்கமும் பூட்டும் பாலிப்ரொப்பிலீன் டப்பா சமையல் பாத்திரக் கடையில் கிடைக்கும். அட்டை ஹோல்டர்களை அதில் நிறுத்தி அடுக்கி, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போடுங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் ரகமாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். நீலத்திலிருந்து ரோஸாகும் ரகத்தில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் இருக்கிறது, அதனால் ஆரஞ்சு ரகத்தைப் பாருங்கள். ஈரமான ஜெல்லை 120 டிகிரி அவனிலோ, சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயிலோ காயவைத்து மறுபடி போடலாம். சிலிக்கா ஜெல் ஈரத்தைத்தான் குடிக்கும். கந்தகத்துக்கு, நகைக்கடைகளில் வெள்ளிப் பொருளோடு போட்டுத் தரும் ஆன்டி-டார்னிஷ் ஸ்ட்ரிப் என்ற காகிதப் பட்டை ஒன்றைச் சேர்த்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். இந்த டப்பாவுக்குள் இருக்கும் மலிவான அட்டை ஹோல்டர், வெறும் அலமாரியில் கிடக்கும் விலை உயர்ந்த கேப்சூலைவிடக் காசைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். என் வீட்டில் எது எப்படி மாறியது என்று வருடக் கணக்கில் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

டப்பாவை எங்கே வைப்பது என்பதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையலறைப் பக்கம், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி, பரண் எதுவும் வேண்டாம். படுக்கையறை இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது. தீப்பிடிக்காத பெட்டி என்று விற்கும் லாக்கர்களில் உள்ளே அடைத்திருக்கும் பொருளே ஈரத்தை விடும், அதனால் அதில் வைத்தால் சிலிக்கா ஜெல் இல்லாமல் வைக்கவே கூடாது. பேங்க் லாக்கருக்கும் டப்பாவோடுதான் போக வேண்டும், சுருக்குப்பையில் போட்டு வைக்கக் கூடாது.

கையில் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். கன்னத்தில் பட்ட கட்டைவிரல் ரேகை அன்றைக்குத் தெரியாது, சில மாதத்தில் பழுப்பாகக் கிளம்பி, அப்புறம் போகவே போகாது. காசின் மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளி விழுந்த இடம் கறும்புள்ளியாகும். கீழே ஒரு மடித்த துண்டை விரித்துக்கொண்டு பாருங்கள்.

என் பிரிப்பு இப்படி இருக்கிறது. தேய்ந்த ரூபாய்களும் 1940-களின் பாதி வெள்ளிக் காசுகளும் அட்டை ஹோல்டரில், ஒரே டப்பாவில். செம்பு கூடிய காசுகளைத்தான் ஈரம் அதிகம் கெடுக்கும் என்பதால் அந்த டப்பாவில் ஜெல் இரண்டு பொட்டலம். வெளிச்சம் இன்னும் ஓடும் ஏழெட்டு ரூபாய்களும் தஞ்சை நாணயமும் கேப்சூலில், சிறிய டப்பா ஒன்றில். பச்சை அரித்த 1862-ஐத் தனி ஹோல்டரில் வைத்து, அட்டையில் "பிவிசி" என்று எழுதி வைத்திருக்கிறேன். தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை டப்பாக்களைத் திறப்பேன். மழைக்காலம் முடிந்த தையில் ஜெல் கட்டாயம் நிறம் மாறியிருக்கும். பஞ்சாங்கத் தாள் காசின் நீலம் நகர்கிறதா என்று பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், அதனால் ஒரே விளக்கு, ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து வைப்பது வழக்கம். கேப்சூலுக்குப் போனபின் இதுவரை நகரவில்லை.

அத்தையின் காசைக் கண்காட்சியிலிருந்து வந்ததும் அத்தையிடமே திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். அத்தைக்கு இப்போது எழுந்து நடமாட முடியவில்லை, "நீயே வச்சுக்கோடா, வெள்ளிக்கிழமை மட்டும் வெளிய எடுத்து வை" என்றார். அதற்கு ஹோல்டர் போடவில்லை. வாரத்தில் ஒரு நாள் எங்கள் பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். விபூதி மட்டும் போடுவதில்லை. விளிம்பில் லேசாக மஞ்சள் ஏற ஆரம்பித்திருக்கிறது.